எங்க பக் நாய்க்கு மூக்கு ஆபரேஷன், அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், எங்க பக்குக்கு 3 வயசு, மதுரை வெயில்ல பத்தடி நடந்தாலே மூச்சு இழுக்குது, ராத்திரி குறட்டை விட்டுட்டே இருந்து திடீர்னு முழிச்சு உக்காந்துக்குறான், பாக்கவே மனசு தாங்கல. வித்தவரு மூக்கு சப்பையா இருந்தாதான் ஒரிஜினல்னு சொல்லி குடுத்தாரு. ஆனா ஒவ்வொரு நாய் இனமும் எப்படி இருக்கணும்னு வரையறுக்குற இங்கிலாந்து கென்னல் கிளப்போட ஸ்டாண்டர்டுல, பக்குக்கு மூக்கு ஓட்டை பெருசா திறந்து இருக்கணும், எடை 6.3ல இருந்து 8.1 கிலோன்னு இருக்கு, ஒடுங்குன மூக்கு ஓட்டைய பெரிய குறையாவே சொல்றாங்க. இவனுக்கு ஓட்டை வெறும் கீறல் மாதிரி, எடை 11 கிலோ. ஓட்டைய பெருசாக்குற ஆபரேஷன் யாராவது பண்ணிருக்கீங்களா? மயக்க மருந்து தாங்குவானா, முதல்ல எடைய குறைக்கணுமா, பண்ணப்பறம் நிம்மதியா தூங்குச்சா, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.