புதுப்பிப்பு: பாரா டிரஸ்ஸாஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றப் போட்டி), கால் வலுவில்லாத இளம் வீரருக்கான சாதனங்கள்

முந்தைய பதிவில், அங்கவடி (சேணத்திலிருந்து தொங்கும், பாதம் வைக்கும் வளையம்) ஆடாமலிருக்க அதைச் சேணத்தின் வயிற்றுப்பட்டையோடு எலாஸ்டிக்கால் இணைக்கலாம் என்றிருந்தோம். "எவ்வளவு இறுக்கம்?" என்பதுதான் அதிகம் வந்த கேள்வி.

அங்கவடி முன்னும் பின்னும் ஊசலாடாத அளவு போதும். அதற்கு மேல் இழுத்தால் முழங்கால் மேலேறும்; தசை இறுக்கம் உள்ளவருக்கு அது இன்னும் கூடும். பாதத்தை மட்டும் அங்கவடியோடு கட்டவே கூடாது. விழும்போது கால் மாட்டினால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். முன்பக்கம் மூடிய அங்கவடியே நல்லது.

கடிவாள வாரில் தைக்கும் வளையம் விரல்களுக்குத்தான். மணிக்கட்டு நுழைந்தால் அது பொறி. நிற்கும் குதிரையில், இருபுறமும் ஆள் பிடித்திருக்க, வீரரைச் சாய்த்துப் பாருங்கள்: எல்லாம் ஒரே இழுப்பில் விடுபட வேண்டும்.

கிரேடு 1-க்கு, அதாவது உடல் குறைபாடு மிக அதிகமுள்ள வீரர்களின் பிரிவுக்கு, நடை மட்டும்தான். கேன்டர் (மிதமான பாய்ச்சல்) வேண்டாமே என்று எளிதாக நினைக்காதீர்கள், சீரற்ற நடையை மறைக்க அங்கே இடமே இல்லை.

முன்பு விட்டுப்போன ஒன்று: வகைப்பாட்டாளர் (வீரரைப் பரிசோதித்து அவரது கிரேடை முடிவுசெய்பவர்) பதிவில் இல்லாத சாதனத்தைச் சர்வதேசப் போட்டியில் பயன்படுத்த முடியாது. இரண்டு சாட்டை தேவையென்றாலும் வகைப்பாட்டின்போதே கேளுங்கள்.