‘பிபிஏ இல்லை’ என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி
‘பிபிஏ இல்லை’ என்று அச்சிட்ட பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கினால் ஹார்மோன் பற்றிய கவலை தீர்ந்துவிடுமா? பிளாஸ்டிக்கில் உள்ள இந்த ரசாயனங்கள் கருவின் மூளையைப் பாதிக்கும் என்கிறார்களே, எந்த வழியில்? உடம்பில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பரிசோதிக்க முடியுமா?

பதில் 1
தீராது. அந்த வரி பிஸ்பீனால் ஏ (பிபிஏ) என்ற ரசாயனம் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. அந்த இடத்தில் அதே வகையைச் சேர்ந்த பிஸ்பீனால் எஸ் (பிபிஎஸ்), எஃப் வந்து உட்கார்ந்திருக்கலாம். அவையும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் ஏற்பியில் (செல்லில் ஹார்மோன் ஒட்டும் இடம்) ஒட்டுபவைதான். அடியிலுள்ள முக்கோண எண்ணைப் பாருங்கள். 3 என்றால் பிவிசி. அதை வளைந்துகொடுக்க வைப்பது பெரும்பாலும் தாலேட்டுகள் என்ற ரசாயனங்கள். 7 என்பது ‘மற்றவை’. பிபிஏவிலிருந்து செய்யப்படும் கெட்டிப் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் இதில்தான் அடங்கும், ஆனால் 7 எல்லாமே பாலிகார்பனேட் அல்ல. 2, 5 ஆகியவற்றைச் செய்யப் பிஸ்பீனால் தேவையில்லை.

எண்ணைவிடச் சூடு முக்கியம். கொதிநீரும் காரத்தன்மை (அல்கலி) உள்ள சோப்பும் பாலிகார்பனேட்டின் பிணைப்புகளை அறுத்து பிபிஏவை வெளியே விடும். தாலேட்டுகள் எண்ணெயிலும் கொழுப்பிலும் எளிதாக இறங்கும். சூடான, எண்ணெய்ப் பசையுள்ள உணவுக்குக் கண்ணாடி அல்லது எவர்சில்வர்தான்.

பதில் 2
மூளை விஷயத்தில் அளவோடு காலமும் சேர்ந்து தீர்மானிக்கிறது. கருவின் தைராய்டு சுமார் 12 வாரத்துக்குப் பிறகே சுரக்கத் தொடங்கும். அதுவரை தாயின் தைராய்டு ஹார்மோனான தைராக்சின்தான் ஆதாரம். நரம்பணுக்கள் தத்தம் இடத்துக்கு நகர அது வேண்டும். ஆய்வகச் சோதனைகளில் பிபிஏ தைராய்டு ஏற்பியை மறிக்கிறது. டிஇஎச்பி போன்ற தாலேட்டுகள் எலிக்கருவில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தியையே குறைக்கின்றன. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஆண்-பெண் வேறுபாடு உருவாகும் பருவத்தில் இது நடந்தால் பிற்பாடு சரியாவதில்லை. மனிதரில் கிடைத்தவை பெரும்பாலும் தொடர்பைக் காட்டும் ஆய்வுகளே, காரணத்தை நிரூபிப்பவை அல்ல. பயமுறுத்தும் காணொளிகள் இதை மட்டும் விட்டுவிடும்!

கர்ப்பத்தில், தைராக்சின் உருவாகத் தேவையான அயோடின் குறையாமல் பார்ப்பது பாட்டில் மாற்றுவதைவிட அவசரம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 250 மைக்ரோகிராம்.

பதில் 3
பரிசோதனைக்குச் செலவழிக்காதீர்கள். பிபிஏ சில மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்து சிறுநீரில் போய்விடும். காலையில் ஓர் எண், மாலையில் வேறு எண். ‘நச்சு நீக்கி’ப் பானங்களும் வீண், கல்லீரலே அந்த வேலையைச் செய்கிறது. உடம்புக்குள் வருவதைக் குறைப்பதுதான் வழி.

பலர் மறப்பது பில் காகிதம். வெப்பத்தில் அச்சாகும் பல ரசீதுகளில் பிபிஏ அல்லது பிபிஎஸ் பொடியாகவே பூசப்பட்டிருக்கும். சானிடைசர் தடவிய ஈரக்கையால் தொட்டால் தோல் வழியே கூடுதலாக ஏறும்.

பதில் 4
‘சொற்ப அளவுதானே’ என்பவர்களுக்கு: ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பிபிஏவின் தினசரி வரம்பை உடல் எடை கிலோவுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாக இறக்கியது. 20,000 மடங்கு குறைவு. மற்ற ஆணையங்களில் சில இதை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள்.