‘செரினிட்டி’யை வரிசையில் நின்று பார்த்தவர்கள் வாங்க, பேசலாம்

திரியைத் தொடங்கியவர், பாஸ்டன்:

‘ஃபயர்ஃபிளை’ என்ற விண்வெளித் தொடர். எடுத்தது 14 அத்தியாயம், ஒளிபரப்பானது 11. அதோடு ஊற்றி மூடப்பட்ட ஒரு தொடருக்காக நான் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறேன். மறுநாள் காலை வழிகாட்டியிடம் ஆய்வு முடிவுகளைக் காட்ட வேண்டும். காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. இருந்தும் போனேன்.

2005 மே 5, வியாழக்கிழமை. அந்தத் தொடரின் கதையைத் தொடரும் ‘செரினிட்டி’ படம் வெளியாக வேண்டியது செப்டம்பர் 30. ஆனால் ஐந்து மாதத்துக்கு முன்பே, வேலை முழுதாக முடியாத நிலையிலேயே, அமெரிக்காவில் பத்து ஊர்களில் ஓர் இரவு மட்டும் போட்டுக் காட்டினார்கள். அதில் பாஸ்டனும் ஒன்று. ஓசிக் காட்சி இல்லை, காசு கொடுத்துத்தான் டிக்கெட். இசையும் வரைகலையும் சில இடங்களில் இன்னும் தற்காலிகம்தான் என்று தெரிந்தேதான் எல்லாரும் வாங்கினார்கள்.

இந்தப் பைத்தியம் எனக்குச் சொந்தமாகப் பிடித்ததல்ல, தொற்றியது. ஆய்வகத்தில் என் பக்கத்து மேசை தைவான்காரன். 2004 பனிக்காலத்தில் ‘ஃபயர்ஃபிளை’ டிவிடி பெட்டியைக் கையில் திணித்து, “வரிசை மாற்றாமல் பார்” என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று பிறகுதான் புரிந்தது. 2002 இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி இதை வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒளிபரப்பியபோது, இரண்டு மணி நேர முதல் அத்தியாயத்தைக் கடைசியாகப் போட்டிருக்கிறார்கள். இந்த ஒன்பது பேர் யார், எதற்காக இந்த ஓட்டை விண்கப்பலில் ஒன்றாகச் சுற்றுகிறார்கள் என்று சொல்வதே அந்த அத்தியாயம்தான். அது டிசம்பர் 20 அன்று வந்தபோது தொடரை நிறுத்துவதென்று முடிவாகியிருந்தது. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு கல்யாணப் பத்திரிகை வந்த கதை.

அந்த உலகத்தில் ஆங்கிலமும் சீனமும் கலந்து புழங்கும். கோபம் வந்தால் எல்லாரும் சீனத்தில் திட்டுவார்கள். என் நண்பன் ஒவ்வொரு திட்டுக்கும் படத்தை நிறுத்தி, “இது என்ன மொழி?” என்பான். “இத்தனை பேர் சீனத்தில் திட்டுகிறார்கள், கப்பலில் ஒரு சீன முகமாவது இருக்கிறதா பார்” என்றும் கேட்பான். நியாயமான கேள்வி. கேட்டுவிட்டு அவனே அடுத்த அத்தியாயத்தைப் போடுவான்.

மே 5 டிக்கெட் உண்மையில் அவனுடையது. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை என்று ஏப்ரல் கடைசியில் தைபேய் போனவன், போகும்போது டிக்கெட்டை என்னிடம் கொடுத்து ஒரே ஒரு கட்டளை போட்டான்: “நீ பார். நான் பார்க்கும்வரை வாயைத் திறக்காதே.”

வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைந்து கிடந்தது. பாதிப் பேர் பழுப்பு நிற நீளக் கோட்டு. மே மாதத்தில்! கதைப்படி, ஒரு உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்துச் சிப்பாய்கள் போட்டிருந்தது பழுப்புக் கோட்டு. கப்பலின் தலைவன் மால் அந்தத் தோற்ற படையில் இருந்தவன். தொடர் தோற்றதும் ரசிகர்கள் அந்தப் பெயரைத் தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள், பிரவுன்கோட் என்று. தொடரைக் காப்பாற்றச் சொல்லித் தங்களுக்குள் பணம் வசூலித்து ‘வெரைட்டி’ இதழில் விளம்பரம் கொடுத்தவர்கள் இவர்கள். அந்த விளம்பரம் பலிக்கவில்லை. ஆனால் 2003 டிசம்பரில் வந்த டிவிடி நன்றாக விற்றதுதான் படமெடுக்க யுனிவர்சல் நிறுவனத்துக்குத் தைரியம் கொடுத்தது.

எனக்கு முன்னால் அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள், மேயின் மாநிலத்திலிருந்து தனியாகக் கார் ஓட்டி வந்தவர், நின்றபடியே ஒரு தொப்பி பின்னிக்கொண்டிருந்தார். மேலே ஆரஞ்சு, நடுவில் மஞ்சள், காதை மூட இரண்டு பக்கமும் மடல். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, ஜேனின் தொப்பி. கதையில், கப்பலில் இருக்கும் முரடன் ஜேனுக்கு அவன் அம்மா பின்னி அனுப்புவது. “ஒரு மடல்தான் பாக்கி, கதவு திறப்பதற்குள் முடித்துவிடுவேன்” என்றார். முடியவில்லை. ஒற்றைக் காதுத் தொப்பியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

முதலில் திரையில் இயக்குநர் ஜாஸ் வீடன் வந்து பேசினார். செத்துப்போன தொடரெல்லாம் சினிமாவாவது வழக்கமில்லை, நீங்கள் விடாமல் நம்பியதால்தான் இந்தப் படம் இருக்கிறது என்ற பொருளில். அரங்கில் போட்ட கூச்சலில் பாதி கேட்கவில்லை. கப்பல் முதன்முதலாகத் திரையில் வந்தபோது அந்த அம்மாள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். யார் என்ன என்று தெரியாதவரின் முழங்கை. நானும் பேசாமல் இருந்தேன்.

(படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) கப்பலோட்டி வாஷ், பொம்மை டைனோசர்களை வைத்து விளையாடுகிறவன், எல்லாருக்கும் பிடித்தவன். அடிபட்டு நொறுங்கிய கப்பலை எப்படியோ தரையிறக்குகிறான். அரங்கமே கைதட்டியது. கைதட்டல் ஓயும் முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஈட்டி வந்தது. பின்வரிசையில் ஒருவர் “இல்லை” என்றார். கத்தவில்லை, யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல. பக்கத்து அம்மாள் முடியாத தொப்பியை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். அதற்கப்புறம் பத்து நிமிடம் படத்தில் என்ன நடந்தது என்று செப்டம்பரில் மறுபடி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து:

சரி, நான் எதிர்க்கட்சி. எந்த அத்தியாயமும் பார்க்காமல், முதல் வார இறுதியில் கணவர் இழுத்துப்போய் உட்காரவைத்த ஆள். வரிசையெல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம், பாதி அரங்கம் காலி. இருந்தவர்களில் பாதிப் பேருக்கு வசனம் முன்கூட்டியே தெரிந்திருந்தது!

படம் மோசமில்லை. எதிரியாக வரும் சிவெட்டல் எஜியோஃபோர், குரலை உயர்த்தாமல் அத்தனை பயமுறுத்துவார். மிராண்டா கிரகத்தில் உட்கார்ந்தபடியும் படுத்தபடியும் செத்துக்கிடக்கும் ஜனங்கள், அது இன்னும் கண்ணில் நிற்கிறது. சண்டைபோடாத ஜனங்களை உருவாக்குகிறேன் என்று காற்றில் மருந்து கலந்து, சாப்பிடக்கூட மனமில்லாமல் மூன்று கோடிப் பேர் அப்படியே கிடந்து செத்துப்போகிற கதை, எந்தத் தொடரும் பார்க்காத எனக்கும் உறைத்தது.

ஆனால் நீங்கள் சொல்லும் அந்த ஈட்டி? “ஐயோ பாவம்” என்று நினைத்துவிட்டுப் பாப்கார்ன் பையில் கையை விட்டேன். திரும்பிப் பார்த்தால் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் கல்யாணத்தில்கூட அழாதவர். வீடு போகும்வரை பேசவில்லை. “நீ பாப்கார்ன் சாப்பிட்ட சத்தம் கேட்டது” என்றார் கடைசியில். இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

அவர் அதை மொத்தம் ஐந்து தடவை பார்த்தார். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரே ஆள் ஐந்து தடவை போனால் ஐந்து டிக்கெட் விற்கும், ஐந்து ரசிகர் வரமாட்டார்கள். படத்தின் செலவு சுமார் 3.9 கோடி டாலர். முதல் வார இறுதியில் வந்தது 1 கோடி சொச்சம், ‘ஃப்ளைட்பிளான்’ படத்துக்கு அடுத்து இரண்டாம் இடம். அமெரிக்காவில் மொத்தமே இரண்டரைக் கோடிதான். மே, ஜூன் மாதங்களிலேயே வெறியர்கள் எல்லாரும் பார்த்து முடித்தாயிற்று. செப்டம்பரில் புதிதாக வரவேண்டியவள் நான். நான் வந்தேன், ஆனால் வேறு யாரையும் கூட்டிவரவில்லை.

கிளாஸ்கோவிலிருந்து:

என் கதை ரொம்பச் சின்னது. 2005 ஆகஸ்ட் 22, எடின்பரோ திரைப்பட விழாவில் உலக முதல் காட்சி. ரயில் ஏறிப் போனேன். டிக்கெட் கிடைக்கவில்லை. மழை. கிடைக்காதவர்களாக ஒரு பத்துப் பேர் ஓரமாக ஒதுங்கி, தொடரின் முகப்புப் பாட்டைப் பாடினோம். உள்ளே போன ஒரு பையன் படம் முடிந்து வெளியே வந்தான். “எப்படி இருந்தது?” என்று பத்துப் பேரும் மொய்த்தோம். எங்கள் எல்லாரையும் பார்த்தான், கை கூப்பாத குறையாக “என்னிடம் எதுவும் கேட்காதீர்கள்” என்று சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டான். ஏதோ பெரிய விபரீதம் என்று மட்டும் தெரிந்தது. பிரிட்டனில் படம் வந்தது அக்டோபர் 7 அன்றுதான். ஆறு வாரத்துக்கும் மேல் அந்தப் பையனின் முகத்தை நினைத்துக்கொண்டே கழித்தேன்.

போர்ட்லாந்திலிருந்து:

தம்பி, அந்தத் தொப்பிக்கார அம்மாளை நினைத்தால் கண் கலங்குகிறது, ஏனென்றால் நானும் அந்த ஜாதிதான். பள்ளித் தையல் வகுப்பில் கற்ற இரட்டை ஊசிப் பின்னலை இருபது வருடம் கழித்து இந்தத் தொப்பிக்காகத்தான் மறுபடி எடுத்தேன்.

ஒரு வேடிக்கை தெரியுமா? தொப்பி வரும் அத்தியாயம் அமெரிக்காவில் ஃபாக்ஸில் ஒளிபரப்பாகவே இல்லை. விட்டுப்போன மூன்றில் அதுவும் ஒன்று. தொலைக்காட்சியில் வராத ஒரு தொப்பி, டிவிடி பார்த்தவர்கள் கையாலேயே பின்னிப் பின்னி அந்தக் கூட்டத்தின் அடையாளமாகிவிட்டது. கடையில் கிடைக்காததுதான் அதன் அழகு. ஒவ்வொருவர் தொப்பியிலும் ஆரஞ்சு ஒவ்வொரு மாதிரி இருக்கும். கதையிலேயே அது ஒரு அம்மா தோன்றியபடி பின்னியதுதானே.

நான் வருடத்துக்கு இருபது, முப்பது பின்னி இணையத்தில் விற்றேன். நூல் காசு போக ஒரு காபிக்குத் தேறும், அவ்வளவுதான். 2013 இல் ஒரு நாள் காலையில் பார்த்தால் என் விற்பனைப் பக்கத்தில் தொப்பியைக் காணோம். உரிமை வைத்திருந்தவர்கள் புகார் செய்து எடுக்க வைத்திருக்கிறார்கள். உரிமம் வாங்கி ஆலையில் செய்த தொப்பி அப்போது கடைக்கு வந்துவிட்டது, அதுதான் காரணம். எனக்கு மட்டுமல்ல, பின்னுகிறவர்கள் பலருக்கும் இதே கதி. சட்டப்படி அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கட்டும். பத்து வருடம் காசு வாங்காமல் விளம்பரம் செய்த கைகளுக்கு நல்ல மரியாதை! அந்த ஆலைத் தொப்பியை விற்ற கடை பிறகு வெட்கப்பட்டோ என்னவோ, லாபத்தைத் தர்மக் காட்சிகளுக்குக் கொடுத்தது.

தர்மக் காட்சிகள் என்றால், 2006 இல் எங்கள் ஊரில் ரசிகர்கள் தொடங்கியது. படத்தை வருடத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு திரையரங்கில் போட்டு, வசூலைப் பெண்கள் உரிமைக்கான ‘ஈக்வாலிட்டி நவ்’ அமைப்புக்குக் கொடுப்பது. பிறகு வேறு ஊர்களுக்கும் நாடுகளுக்கும் பரவியது. நான் வாசலில் மேசை போட்டு டிக்கெட் கிழித்திருக்கிறேன். தேதியை வீடனின் பிறந்த நாளான ஜூன் 23 ஐ ஒட்டி வைப்பார்கள். 2021 இல் அவருடைய வேறு தொடர்களில் நடித்தவர்கள், படப்பிடிப்பில் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி வெளிப்படையாகக் குற்றம் சொன்னார்கள். பல குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். அதற்கப்புறம் அந்த மேசையில் உட்கார எனக்குக் கொஞ்சம் நெருடுகிறது. படம் பிடிக்காமல் போகவில்லை. பிறந்தநாள் கேக் வெட்டுவதை மட்டும் நான் விட்டுவிட்டேன்.

கிளாஸ்கோவிலிருந்து மறுபடியும்:

போர்ட்லாந்து அக்கா சொன்னதைப் படித்ததும் ஞாபகம் வந்தது. 2007 ஜூனில் விண்வெளி வீரர் ஸ்டீவன் ஸ்வான்சன் ‘ஃபயர்ஃபிளை’, ‘செரினிட்டி’ டிவிடிகளைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே வைத்துவிட்டு வந்தார். ஆக, அந்தப் படம் விண்வெளி வரை போய்விட்டது. என்னால்தான் ஆகஸ்ட் 22 அன்று எடின்பரோ அரங்கத்துக்குள் போக முடியவில்லை.

நியூ ஜெர்சியிலிருந்து:

அதெல்லாம் இருக்கட்டும். பாஸ்டன் தம்பி, அந்தத் தைவான் நண்பர் என்ன ஆனார்? வாயைத் திறக்காமல் இருந்தீர்களா இல்லையா?

திரியைத் தொடங்கியவர்:

இருந்தேன் அக்கா. என் வாழ்க்கையில் காப்பாற்றிய ஒரே ரகசியம்.

அப்பா தேறிவிட்டார், ஜூன் நடுவில் இவன் திரும்பி வந்தான். வந்தவுடன் முதல் கேள்வி: “யார்?” நான் ஒன்றும் சொல்லவில்லை. “யாரோ செத்திருக்கிறார்கள், உன் முகத்திலேயே எழுதியிருக்கிறது.” ஜூன் 23 அன்று 35 ஊர்களில் மறுபடி போட்டார்கள், அதற்கும் இவனுக்கு டிக்கெட் அமையவில்லை. கோடை முழுக்க, பிப்பெட்டைக் கையில் பிடித்தபடி, “ரிவரா? கெய்லியா? கெய்லி என்றால் நான் வரவே மாட்டேன்” என்று நச்சரிப்பான். ஒன்பது பேரில் எட்டுப் பேரை மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டான். வாஷ் பெயரை மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை, முதல் காட்சி. பக்கத்தில் உட்கார்ந்தேன். கப்பல் விழ ஆரம்பித்ததும் நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், அவனைத்தான் பார்த்தேன். கப்பல் தரையைத் தொட்டு, சறுக்கி, நின்றது. மே மாதம் நாங்கள் தட்டியதுபோலவே அவனும் கைதட்டினான். இரண்டு கையும் சேர்ந்த நிலையிலேயே நின்றுபோயின.

அப்புறம் என் பக்கம் திரும்பி, ஐந்து மாதம் வாயைத் திறக்காத என்னைப் பார்த்து, நிறுத்தி நிதானமாக, சுத்தமான சீனத்தில் திட்டினான்.