பள்ளிப் பிள்ளைகளுக்கான பெண்ணியத் தலைமைப் பயிற்சி: போய் வந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் பக்கம், கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி

தங்கச்சி மகளை இந்தப் பயிற்சியில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள் அக்கா. தாராளமாகச் சேருங்கள். நான் பிளஸ் ஒன் படிக்கும்போது சேர்ந்தேன். கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தலைமைப் பயிற்சி என்றதும் மேடைப் பேச்சு, இங்கிலீஷ், தன்னம்பிக்கை வகுப்பு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் பயிற்சியில் முதல் பல வாரங்களுக்கு மைக்கே கிடையாது. வட்டமாகத் தரையில் உட்காருவோம், நடத்த வந்தவர்களை மேடம் என்று கூப்பிடக் கூடாது, அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் விதி.

முதலில் ஒரு சார்ட்டில் இரண்டு கடிகாரம் வரையச் சொன்னார்கள். ஒன்று அம்மாவின் இருபத்து நான்கு மணி நேரம், இன்னொன்று அப்பாவுடையது. எங்கள் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர், பக்கத்தில் இருந்தவளின் அம்மா மில்லில் ஷிப்ட் பார்ப்பவர், இன்னொருத்தியின் அம்மா ஊராட்சியில் தூய்மைப் பணியாளர். எல்லோருடைய அப்பா கடிகாரத்திலும் டீக்கடை என்று ஒரு துண்டு இருந்தது. அம்மா கடிகாரத்தில் அப்படி ஒரு துண்டை எங்களில் ஒருத்தியாலும் வரைய முடியவில்லை. அதைப் பார்த்துவிட்டு பயிற்சி நடத்திய அக்கா எந்த விளக்கமும் சொல்லவில்லை, சார்ட்டுகளைச் சுவரில் ஒட்டிவிட்டு எல்லோரையும் சுற்றிப் பார்க்கச் சொன்னார். போய் அப்பாவோடு சண்டை போடுங்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. பெற்றோர் பயப்படுவது அதற்குத்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்த மாதம் வீட்டில் இருந்து ஒரு தகவல் கேட்டு வரச் சொன்னார்கள்: ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் யார், பட்டா யார் பேரில்? கார்டில் நிறைய வீடுகளில் அம்மா பேர் இருந்தது. பட்டாவில் அப்பா, தாத்தா, பெரியப்பா. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு என்று 1989-லேயே சட்டம் வந்துவிட்டது, நாடு முழுவதற்கும் அது 2005-ல்தான் வந்தது என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம். என் அத்தைமார் இரண்டு பேரும் அதற்கப்புறம் கல்யாணமானவர்கள், ஆனால் சீரும் நகையும் வாங்கியாச்சே என்று பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள். சட்டம் இருந்தும் ஏன் கையெழுத்துப் போட்டார்கள் என்று ஒரு மதியம் முழுக்கப் பேசினோம். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்ற பயம் எங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றுபோலவே இருந்தது. எனக்கு அந்த மதியம்தான் மொத்தப் பயிற்சியிலேயே பெரிது.

மே மாத முகாமில் முத்துலட்சுமி ரெட்டி பற்றிப் படித்தோம். பையன்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்ந்து, டாக்டராகி, 1927-ல் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்குப் போனவர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் உள்ளே இருந்து போராடினார், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தெருவில் இறங்கிப் போராடினார், 1947-ல் சட்டம் வந்தது. ராமாமிர்தம் அம்மையார் பேரில் முன்பு திருமண உதவித் திட்டம் இருந்ததால் எங்களுக்கு அவர் பேர் மட்டும் தெரியும், அவரே அந்த முறைக்குள் தள்ளப்பட்டு வெளியே வந்தவர் என்பது தெரியாது.

அப்புறம் ஒரு நாள் மில்லில் வேலை செய்யும் ஒரு அக்கா வந்து பேசினார். எங்கள் பக்கம் ஒரு காலத்தில் பத்தாவது முடித்த பிள்ளைகளை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் மில் ஹாஸ்டலுக்குக் கூட்டிப் போவார்கள், முடிந்தால் மொத்தப் பணம், அதை வைத்துக் கல்யாணம் என்று சொல்வார்கள். சுமங்கலித் திட்டம் என்று பேர். இடையில் உடம்பு முடியாமல் வந்துவிட்டால் அந்தப் பணமும் கிடைக்காது. அந்த அக்கா அப்படி இருந்துவிட்டு வந்தவர். 2021 ஜனவரியில் எங்கள் மாவட்டத்துத் தையல் ஆலைத் தொழிலாளியான இளம் தலித் பெண் கொல்லப்பட்ட பிறகு, பெண்களே தலைமை தாங்கும் தொழிற்சங்கம் விடாமல் நின்று, வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் தொந்தரவைத் தடுக்க 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் என்ற ஒன்றை ஆலை நிர்வாகத்தைப் போட வைத்ததையும் சொன்னார். தொழிலாளிகளிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, வேலை நடக்கும் இடத்திலேயே தொந்தரவுகளைக் கவனித்துச் சொல்ல வைப்பதும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. தலைவி என்றால் யார் என்று அதுவரை புத்தகத்தில்தான் பார்த்திருந்தோம், இவர் டிபன் பாக்ஸோடு வந்திருந்தார்.

கடைசியில் நாங்களே ஒரு வேலையை எடுத்துச் செய்ய வேண்டும். நாங்கள் எடுத்தது பஸ். மகளிருக்கு டவுன் பஸ் இலவசம்தான், ஆனால் சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் முடிவதற்குள் எங்கள் ஊர் பஸ் போய்விடும். இருட்டில் நடந்து வர வேண்டாம் என்று பல வீடுகளில் ஸ்பெஷல் கிளாஸையே நிறுத்திவிட்டார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் மனு கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். கிராம சபையில் வாக்காளர்கள்தான் உறுப்பினர்கள், எங்களுக்கோ பதினெட்டு ஆகவில்லை. அதனால் மகளிர் குழுவில் இருக்கும் அம்மாக்களை உட்கார வைத்து நாங்கள் எழுதியதை வாசித்துக் காட்டி, எந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று பழகினோம். எங்கள் அம்மா எழுந்து நின்று பேசியதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. தீர்மானப் புத்தகத்தில் எழுதினால்தான் கையெழுத்துப் போடுவோம் என்று பெண்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அந்தத் தீர்மானத்தின் நகலோடு டிப்போவுக்குப் பல தடவை நடந்தோம். பஸ் நேரம் மாறியது. சனிக்கிழமை மட்டும் இன்னும் பழைய நேரம்தான், இப்போது இருக்கும் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

திருவண்ணாமலை, பாலிடெக்னிக் மாணவன்

எங்கள் ஊரில் பையன்களையும் சேர்த்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் தனித்தனியாகத்தான் உட்கார வைத்தார்கள், அது நல்லது, ஏனென்றால் பொண்ணுங்க முன்னாடி எங்களில் ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். எங்கள் பள்ளியில் ஒரு பெண்ணின் சைக்கிள் பின்னாலேயே வீடு வரை போவதுதான் காதல் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இப்படிப்பட்ட தொந்தரவில் இறந்து, அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது, 2013-ல் இருந்து பெண்ணின் விருப்பம் இல்லாமல் பின்தொடர்வதே இந்தியச் சட்டத்தில் குற்றம் என்று சொன்னார்கள். சட்டத்தைக் கேட்டபோது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. அடுத்த வாரம் பெண்கள் குழு, பள்ளிக்கு வரும் வழியின் வரைபடத்தைக் கொண்டுவந்து வைத்தது. எந்தெந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள், ஏன் என்று அதில் குறித்திருந்தார்கள். நாங்கள் உட்காரும் பெட்டிக்கடை அதில் சிவப்பு மார்க். ஒருத்தனும் பேசவில்லை. நாங்கள் இடத்தை மாற்றிக்கொண்டோம், இதை யாரும் சொல்லிச் செய்யவில்லை. பையன் இருக்கிற வீடுகளும் கேட்டுச் சேருங்கள்.

தர்மபுரி மாவட்டம், ஒரு அம்மா

நல்லதை எல்லாம் எழுதிவிட்டீர்கள் கண்ணுகளா, நான் கஷ்டத்தையும் எழுதுகிறேன். என் மகள் பத்தாவதில் சேர்ந்தாள். அவளோடு படித்த பிள்ளைக்குப் பரீட்சை லீவில் கல்யாணம் என்று நிச்சயமானது, மாப்பிள்ளை சொந்த மாமன் மகன். அந்தப் பிள்ளையே என் மகளிடம் அழுதிருக்கிறது, இவள் பயிற்சி கொடுக்கும் அக்காவிடம் சொல்ல, குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போய், சமூக நலத் துறையில் இருந்து ஆட்கள் வந்து பதினெட்டு முடியாமல் கல்யாணம் செய்ய மாட்டோம் என்று எழுதி வாங்கிப் போனார்கள். போன் பண்ணியது யார் என்று வெளியே சொல்லக் கூடாது, அவர்களும் சொல்லவில்லை. ஆனால் ஊருக்குள் ஊகிக்க எவ்வளவு நேரம் ஆகும்? எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கோயில் பண்டிகைக்கு வரி வாங்க எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. என் வீட்டுக்காரர் மகளை நிறுத்திவிடு என்றார்.

அப்போது பயிற்சி நடத்தும் அமைப்பு எங்களைத் தனியாக விடவில்லை. இரண்டு பேர் மாறி மாறி வந்து என் வீட்டுக்காரரோடு பேசினார்கள், அந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் போனார்கள், கல்லூரி சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பிள்ளை கணக்கிலேயே வரும், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததால் உரிமை உண்டு என்று பொறுமையாகச் சொன்னார்கள். அந்தப் பிள்ளை இப்போது காலேஜ் போகிறது. அவள் அம்மா என்னோடு பேச ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, பரவாயில்லை. என் வருத்தம் ஒன்றுதான்: இப்படி எல்லாம் வரலாம் என்று சேர்க்கும்போதே எங்களைப் போன்ற பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைக்குத் தைரியம் கொடுத்தால் மட்டும் போதாது, அந்தப் பிள்ளை ராத்திரி திரும்பி வருவது எங்கள் வீட்டுக்குத்தானே.

வேடசந்தூர் பக்கம்

அம்மா சொன்னது ரொம்பச் சரி. அக்கா, அதனால் சேர்க்கும் முன் நேரில் போய்ச் சிலதைக் கேளுங்கள். ஊருக்குள் பிரச்சினை வந்தால் வீட்டுக்கு யார் வருவார்கள்? முகாமில் ராத்திரி பிள்ளைகளோடு தங்குவது யார், அங்கே ஒரு தப்பு நடந்தால் பிள்ளை யாரிடம் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்களா? பதினெட்டுக்குக் கீழ் உள்ள பிள்ளை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டப்படி கட்டாயம் புகார் கொடுத்தாக வேண்டும், அதை முதல் நாளே பிள்ளைகளுக்குப் புரியச் சொல்கிறார்களா? இல்லையென்றால் ரகசியம் என்று நம்பிச் சொன்ன பிள்ளை அப்புறம் உடைந்துபோகும். பிள்ளைகளின் போட்டோவைக் கேட்காமல் போஸ்டரில் போடுவார்களா என்பதையும் கேளுங்கள், எங்கள் பேட்ச்சில் இதற்காகவே ஒருத்தியின் வீட்டில் நிறுத்தினார்கள். காசு கேட்டால் யோசியுங்கள், எங்களிடம் பஸ் டிக்கெட்டுக்குக்கூட வாங்கவில்லை. மாதவிடாய் நாளில் முகாமில் தனி பாத்ரூம், நாப்கின் போட மூடி வைத்த டப்பா இருக்கிறதா என்று பாப்பாவையே கேட்கச் சொல்லுங்கள். பிளஸ் டூவில் சேர்ப்பதைவிட பத்தாவது முடிந்ததும் சேர்ப்பது நல்லது, பிளஸ் டூ வந்துவிட்டால் பப்ளிக் எக்ஸாம் என்று சனிக்கிழமைப் பயிற்சிக்கு வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.