புதுப்பிப்பு: ஜெட்டா காருக்கு டயர் மாத்தியாச்சு

தினமும் ஆபீஸ் போற ஜெட்டாவுக்கு ரோட்டை நல்லா பிடிக்கிற பெர்ஃபார்மன்ஸ் டயர் போடலாமா இல்ல சத்தமில்லாம மெத்துனு ஓடுற கம்ஃபர்ட் டயரே போதுமானு இங்க கேட்டிருந்தேனே, பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. கடைசில பழைய டயரோட அதே 205/55 ஆர்16 சைஸ்லயே மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4ங்கிற பெர்ஃபார்மன்ஸ் டயர் போட்டுட்டேன்.

சைடுவால்ல, அதாவது டயரோட பக்கவாட்டுல, தயாரிச்ச தேதி பாத்து வாங்குங்கனு ஒருத்தர் சொன்னீங்க பாருங்க, அதான் காப்பாத்துச்சு. கடைக்காரர் முதல்ல உருட்டிட்டு வந்த டயர்ல 1121னு இருந்துச்சு, அதாவது 2021ல 11வது வாரம் செஞ்ச பழசு, வேணாம்னு சொல்லி நாலு நாள் காத்திருந்து புதுசு வாங்கினேன்.

எதிர்பாக்காத விஷயம், முதல் 200 கிமீ லேசா வழுக்குச்சு, பயந்தே போயிட்டேன், டயர் வார்க்குற அச்சுலேர்ந்து ஒட்டாம கழண்டு வர ஃபேக்டரில தடவுற பூச்சு தேயுற வரைக்கும் அப்படித்தானாம். இப்போ மழைல பிரேக் அடிச்சா கச்சிதமா நிக்குது. மைலேஜ் மட்டும் லிட்டருக்கு ஒரு கிமீ போச்சு, பரவால்ல.