கிரேஸ் பீரியடுக்குத் தமிழ் வேண்டும், அவசரம்

குழித்துறை, வியாழன் மாலை:
அன்பர்களே, திங்கள் வகுப்புக்கு ஐ.டி.ஏ. என்கிற பன்னாட்டு வளர்ச்சிக் கழகம் பற்றிக் குறிப்பு எழுதுகிறேன். உலக வங்கிக் குடும்பத்தில் 1960-இல் பிறந்தது, ஏழை நாடுகளுக்குக் கடன் கொடுப்பது. முதல் கடன் 1961-இல் ஹோண்டுராஸில் சாலை போட. அந்தக் காலக் கடன்களுக்கு 50 ஆண்டுத் தவணை. முதல் 10 ஆண்டு அசல் கட்ட வேண்டாம். அந்தப் பத்தாண்டுக்குத்தான் பெயர் தேடுகிறேன். கணினி ‘கிருபைக் காலம்’ என்கிறது. வகுப்பில் வாசித்தால் பாதிப் பிள்ளைகள் ஆமென் சொல்லிவிடும்.

நாகர்கோவில்:
சலுகைக் காலம். இல்லையென்றால் கருணைக் காலம். முடிந்தது.

குழித்துறை:
கடனே சலுகைக் கடன் சார். சலுகைக் கடனின் சலுகைக் காலம் என்றால் எந்தச் சலுகை என்று கேட்பார்கள்.

தக்கலை:
கருணை கூடவே கூடாது. அந்தப் பத்தாண்டிலும் எடுத்த தொகைக்கு ஆண்டுக்கு 0.75 விழுக்காடு சேவைக் கட்டணம் ஓடும். அசலுக்கு மட்டும்தான் ஓய்வு. ‘பொறைக் காலம்’ என்று வைப்போம். பொறு என்ற ஒரே வேரில் பொறை, பொறுதி, பொறுப்பு. பொறை என்றால் பொறுமை, குறளில் ஓர் அதிகாரமே உண்டு. பொறை என்றால் சுமையும்தான். கொடுத்தவனுக்குப் பொறுமை, வாங்கியவனுக்குச் சுமை! மலையாளத்திலும் பொறுக்குக என்றால் மன்னிப்பது. நம் சாலையோரச் சுமைதாங்கிக் கல்லை நினைத்துப் பாருங்கள். சுமை சற்று நேரம் கல்லில் இருக்கும், அப்புறம் அதே தலைக்குத்தான் வரும்.

நாகர்கோவில்:
பொறை என்றால் டீக்கடையில் நாய்க்கு வாங்கிப் போடும் ரஸ்க், அண்ணாச்சி.

அருமனை:
டீச்சரே, ரப்பரைப் பாருங்க. கன்று நட்டால் ஆறேழு வருஷம் பால் வெட்ட முடியாது. உரம், களை, கூலி மட்டும் நிற்காது. ஹோண்டுராஸ் சாலையும் அப்படித்தானே? போட்டு முடித்து, லாரி ஓடி, நாட்டுக்கு நாலு காசு வந்த பிறகுதானே அசல். ‘வெட்டாக்காலம்’ என்று வையுங்க. செல்லாக்காசு மாதிரி ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்றும் மிகும்.

தக்கலை:
நம் குமரி மாவட்ட எல்லை ஆரல்வாய்மொழி. அதைத் தாண்டினால் வெட்டுக்கு வேறு பொருள். போலீஸ் வரும்.

குளச்சல்:
இந்தியா 2014-இலேயே அந்தக் கடனுக்கான தகுதியைத் தாண்டிவிட்டது. நாம் இன்னும் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

குழித்துறை, சனி இரவு:
ஜெராக்ஸ் கடையை மூடப் போகிறார்கள். ‘அசல் பொறுதிக் காலம்’ என்று போட்டுவிட்டேன். மூன்று பேர் சரி என்றீர்கள், மற்றவர்கள் தூங்கிவிட்டீர்கள் போல.

தக்கலை:
பொறுதியில் வரும் ‘தி’ விகுதி பற்றி நீண்ட மடல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அருமனை:
என் மகள் உங்க வகுப்புதான் டீச்சரே. அவள் வெட்டாக்காலம் என்றுதான் எழுதுவாள், மார்க்கைக் குறைக்காதீங்க.