கோத்தகிரி மலைப்பாதைக்கு எம்340ஐ-யா, எஸ்5-ஆ?

வணக்கம். கோத்தகிரியில் வசிக்கும் நான், 2021-இல் இந்தியாவில் அறிமுகமான பிஎம்டபிள்யூ எம்340ஐ, ஆடி எஸ்5 ஸ்போர்ட்பேக் ஆகிய இரண்டில் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்க எண்ணியுள்ளேன். இரண்டிலுமே 3 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின் என்பதால் வேகத்தைப் பற்றிக் கவலையில்லை. ஆனால், ஆடியின் டர்போ (சூடான புகையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி) வி வடிவ என்ஜினின் இடுக்கிலேயே அமர்ந்திருப்பதால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவந்து உடனே நிறுத்தும்போது அங்கே தேங்கும் சூடு ரப்பர் குழாய்களையும் பிளாஸ்டிக் இணைப்புகளையும் விரைவில் பழுதாக்குமோ என்பதே என் ஐயம்.

கோவையில் பார்த்த ஒரு வண்டியின் முன் பிரேக் டிஸ்க் ஓரம், விரல் நகத்தில் தட்டுமளவுக்கு வரம்பு கட்டியிருந்தது; டிஸ்க் தேய்ந்திருப்பதன் அடையாளம் அது. விற்பவரோ ஓடோமீட்டரை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தார். எனக்கென்னவோ சர்வீஸ் பதிவேடுதான் பெரிது. நீலகிரியில் இவற்றை ஓட்டுபவர்கள், வாரண்டி முடிந்தபின் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிவு, கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் ஆகியவற்றில் எது அதிகம் செலவு வைத்தது என்று தெரிவித்து உதவுமாறு வேண்டுகிறேன்.